உம்மாவின் அறைச் சுவர்

பலாபத்வலையில் வீடு கட்டியபோது, மெயின் சுவிட்சுப் பெட்டியை எந்தச் சுவரில் பொருத்துவது என்று கரண்ட் வேலைக்கு வந்த மேஸ்திரி பாஸோடு எனக்குச் சண்டை. புதுப் பெயின்ட் அடித்த ஹாலில் அது கூடவே கூடாது என்றேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துப் பலகை மறைப்பில் பொருத்தினால் நெருப்புப் பிடிக்கும் என்றார் அவர். பின்சுவரோ மண்மேட்டை ஒட்டியது, மழைக்கு ஊறிவிடும். கடைசியில் காய்ந்த செங்கல் சுவர் ஒன்றுதான் மிஞ்சியது. அது உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர். வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தேன்.

இடி முழங்கினால் மெயினை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெட்டி அங்கே வந்தபிறகு அது உம்மாவின் வேலையானது. முதல் இடிக்கே நிறுத்திவிடுவார். ரைஸ் குக்கரில் சோறு அரைவேக்காட்டில் நிற்கும். முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு போவேன். மழை விடும்வரை கட்டிலில் உட்கார்ந்து இருவரும் கதைத்துக்கொண்டிருப்போம்.

மேகமே இல்லாத ஒரு மாலையில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கோபத்தோடு ஓடினேன்.

"இடி இடிக்கல்லயே உம்மா?"

கட்டிலில் எனக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டே சொன்னார்:

"எத்தன நாளா இடிக்கவே இல்ல, மகள்."