இழுப்பறையில் ஒரு பச்சைக் கண்

என் மேசை இழுப்பறையில் செயற்கைக் கண்களை நிற வரிசையில் அடுக்கியிருக்கிறேன். கரும்பழுப்பு, பழுப்பு, வெளிர்பழுப்பு என்று அவையே ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் பிடித்துக்கொள்ள, கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பச்சைக் கண் தனியாகக் கிடக்கிறது. அது என் அத்தையுடையது.

உலகத்தில் பெரும்பாலோருக்குப் பழுப்புக் கண்தான். நீலம் குறைவு, பச்சை அதைவிடவும் குறைவு. கண் மருத்துவமனையில் செயற்கைக் கண் பொருத்தும் இந்த வேலைக்கு வருவதற்காக நான் இதைப் படித்தேன். ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரெட்டியார்பாளையத்தில் அத்தை வீட்டுத் தெருவுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. "பூனைக்கண்ணி, பிரெஞ்சுக்காரன் குடுத்த கண்ணுடி உனுக்கு" என்று சீண்டுவார்கள். அத்தை சளைக்கமாட்டார். "ஆமா, கண்ணைக் குடுத்தான், பென்ஷனைக் குடுக்காம போய்ட்டான்" என்பார்.

தொற்று வந்து இடது கண்ணை எடுத்த பிறகு அந்த வாய் அடங்கிப்போனது. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அவர் அதைக் கழற்றவில்லை. கல்யாணம் நிச்சயமானதும், "இதோட மேடையேற மாட்டேன்டி. கண்ணு வரலன்னா நான் பந்தியிலயே நின்னுக்கிறேன்" என்றார். பச்சை எங்கள் இருப்பில் இல்லை. நிறம் பார்த்து வரைந்து செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தேன். முகூர்த்தம் நெருங்கியும் வரவில்லை. வேறு வழியின்றி, இருப்பதிலேயே வெளிறிய பழுப்பைப் பொருத்தினேன். முகத்தைக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தவர், "ஒண்ணு என்னுது, ஒண்ணு ஊரோடது" என்றார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

மண்டப வாசலில் கறுப்புக் கண்ணாடியைப் போடுவதா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தார். சம்பந்தியம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு அத்தையின் வலது கண்ணை, அவருடைய சொந்தக் கண்ணை, பரிவோடு உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் வெச்சிருக்காங்க சம்பந்தி. கலருதான் கொஞ்சம் சேரல."

அத்தை ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு.

"இன்னா செய்யறது சம்பந்தி, அவசரத்துல இதான் கெடைச்சுது."

கறுப்புக் கண்ணாடியை என் கைப்பையில் திணித்துவிட்டு மேடையேறினார்.

பச்சைக் கண் பிறகு வந்து சேர்ந்தது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "வேணாண்டி. எல்லாரும் நல்ல கண்ணைப் பாத்துதான் பாவப்படறாங்க. பொய்க் கண்ணை ஒருத்தரும் கண்டுக்கல. எனுக்கு நிம்மதியா இருக்குது" என்றார்.

இப்போதும் அந்தப் பழுப்புக் கண்ணை மெருகேற்ற வருவார். நான் வேலையில் இருக்கும்போது இழுப்பறையைத் திறந்து, "என்னுது பத்திரமா இருக்குதா?" என்று எட்டிப் பார்ப்பார். போன முறை அந்தப் பச்சைக் கண்ணை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எந்தப் பூனைக்கண்ணி வந்தாலும் குடுத்துடு. அவளையாவது காக்க வெக்காதே."

அப்படி ஒருத்தி இன்னும் வரவில்லை. தூசி படியாமல் துடைத்து, கடைசிக் கட்டத்தில் வைத்திருக்கிறேன்.