ஊர்வலத்துக்கு ஆகாத வண்டி

வாங்காதே என்று எல்லோரும் சொன்ன வண்டியைத்தான் நான் வாங்கினேன். சொன்னவர்கள் தெரியாமல் சொல்லவில்லை. அந்த வெளிநாட்டு செடானின் கியர் பெட்டி மக்கர் பண்ணும் என்பது ஊரறிந்த விஷயம். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். திண்டிவனத்துக்கு வெளியே, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கிளட்ச் தட்டுகளைச் சூடாக்கி, தேய்த்து, எந்த நிலையில் கருகுகின்றன என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு கிளட்ச் உண்டு. ஆனால் காலால் மிதிக்கக் கிளட்ச் பெடல் கிடையாது. எப்போது எந்த கியர் என்பதை வண்டியே முடிவு செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் அதன் சுகமே தனி. ஆனால் நடக்கிற வேகத்தில் நின்று நின்று ஊர்ந்து போகச் சொன்னால், தட்டுகள் முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் உரசிக்கொண்டே இருக்கும். சூடேறும், தேயும். அதன் நோய் அவ்வளவுதான். நானோ தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாற்கரச் சாலையில் போய் வருகிறவள். அந்த நோய்க்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கியதால் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்றாவதாக, எனக்கு ஒரு நல்ல வண்டியில் போக ஆசை. மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாங்கலாம் என்றே வந்தது.

அம்மாவுக்கு அந்தத் தாளில் நான்காவதாக ஒன்று இருந்தது.

"நாலு வருஷ சம்பளம். அத காராக்கி கழுத்துல மாட்டிக்கினு போவியா? நகையா வாங்கி வச்சா நாளைக்கு உனக்குத்தான்."

அப்பா எதையும் ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர். "உன் காசு, நீ வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. அந்த வண்டி நடுரோட்டுல நின்னு, நாலு பேரு தள்ற மாதிரி ஆச்சுன்னா, அன்னிக்கே வித்துடணும். அப்புறம் பணத்த இன்னா பண்றதுன்னு உங்க அம்மாதான் முடிவு பண்ணுவா."

சரி என்றேன். வண்டிக்காக மட்டும் சொன்ன சரி இல்லை அது. என் சம்பளத்தை என்ன செய்வதென்று நானே முடிவு செய்யும் உரிமையை அந்தக் கியர் பெட்டியின்மேல் பந்தயம் வைத்தது மாதிரிதான்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவரிடம் வண்டி இருந்தது. வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார். கருநீல நிறம். ஒரு கீறல் கூட இல்லை. ஓடிய தூரத்தைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. மீட்டரைத் திருத்தியிருப்பாரோ என்று கையோடு கொண்டுபோயிருந்த கருவியைச் செருகிப் பார்த்தேன். இல்லை, உண்மையான தூரம்தான். நெடுஞ்சாலையில் ஒலக்கூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீரில் படகு போவது போல வழுக்கிக்கொண்டு போனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எப்படி மா?"

"நல்லா இருக்குதுங்க. இப்ப பஜார் வழியா திரும்பலாம்."

"அங்க எதுக்கு மா, ஒரே பேஜாரு. ஆட்டோக்காரன் ஒருத்தன் வழி விடமாட்டான்."

"அதுக்குத்தாங்க."

பஜாரில் ஊர்ந்தபோது தெரிந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். குளிரில் பல் அடித்துக்கொள்வது போல, லேசாக. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு அது வரக்கூடாது. கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், பெருமையாகவே சொன்னார்.

"இந்த வண்டி ராசி உனக்குத் தெரியாது மா. திண்டிவனத்துல முக்காவாசி பொண்ணழைப்பு இதுலதான். வாடகைக்கு இல்ல, தெரிஞ்சவங்க கேட்டா சும்மாவே குடுத்துடுவேன். கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் பேண்டு முன்னால போவும், இது பின்னால அன்னம் மாதிரி நடந்து வரும். இதுல ஏறின பொண்ணுங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஒரு டைவர்ஸ் கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நம்பி, நெடுஞ்சாலைப் பக்கமே கொண்டுபோகவில்லை. அந்தப் பெட்டிக்கு எது ஆகவே ஆகாதோ அதை மட்டும், மாலை போட்டு, பூ கட்டி, ஊருக்கெல்லாம் தானமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"கிளட்ச் தேஞ்சிருக்குதுங்க. புதுசா மாத்திக் குடுத்தா எடுத்துக்கறேன். இல்லன்னா அந்தச் செலவ வெலையில கொறைங்க."

"ராசியான வண்டிய கழட்டச் சொல்றியே மா."

"ராசி சீட்ல இருக்கும்ங்க. நான் கழட்டறது கீழ."

அவர் உரக்கச் சிரித்தார். ஆனாலும் இறங்கி வர ஒரு வாரம் ஆனது. அதுவரை நான் அவரைக் கூப்பிடவில்லை; அவராகவே கூப்பிட்டு, விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

இந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப் புதுச்சேரியில் இருந்தது. விடுப்பு போட்டுவிட்டுப் போய் நின்றேன். கழற்றி வைத்த தட்டுகள் எண்ணெய்ச் சட்டியின் அடிபோல நீலம் பாரித்திருந்தன. புதுத் தட்டுகள் போட்டு, கம்ப்யூட்டரை இணைத்து, பெட்டியை அவற்றுக்குப் பழக்கி, அன்று மாலையே ஓட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தேன். அம்மா வாசலில் சூடம் சுற்றினாள். சுற்றிவிட்டு, "சீட்டு மெத்து மெத்துன்னுதான் இருக்குது," என்றாள்.

அதன் பிறகு வண்டி எனக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. நானும் அதற்குத் தரவில்லை. நெரிசலில் முன்வண்டியை ஒட்டி ஊர மாட்டேன். இடைவெளி விழும்வரை நின்று, பிறகு ஒரே எட்டாகப் போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

சிக்கல், பக்கத்திலிருக்கும் கெடார் கிராமத்திலிருந்து வந்தது. அங்கே நிலம் வைத்துப் பயிர் செய்கிற பெரியப்பாவின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க வந்த பெரியப்பா, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பொண்ணழைப்புக்கு எவங்கிட்டயோ வண்டி சொல்லணுமா? நம்ம பாப்பாகிட்டயே இருக்குதே. முன்னாடி நாள் மத்தியானமே கொண்டாந்துடு, பூ கட்டணும்."

"பெரியப்பா, மண்டபத்துக்கு ஆளுங்கள கூட்டியாற, திருப்பி விட, எதுக்கு வேணா வர்றேன். ஊர்வலத்துக்கு மட்டும் வேணாம். நடக்கற ஸ்பீடுல போனா இந்த வண்டியில கிளட்ச் எரிஞ்சிடும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பத்திரிகையில் தன் பெயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"நூறுல போற வண்டி, மெதுவா நடக்காதா?"

"நடக்காது பெரியப்பா. ஓடத்தான் தெரியும்."

"என் டிராக்டரு ரெண்டும் பண்ணுது. அப்பறம் இன்னாத்துக்கு இம்மாம் பெரிய வண்டி?" காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். "வீட்டுக்கு வர்ற முதல் மருமவ. வீட்டு வண்டியில ஏத்தாம வாடகை வண்டியில ஏத்துனா ஊர்ல இன்னா கேப்பான்? தம்பி பொண்ணு வண்டி வாங்கிச்சாம், குடுக்கலயாம்னு கேப்பான்."

அவர் போனபின் அப்பா சொன்னார், "குடுத்துடு. இல்லன்னா நான் அங்க போயி எப்படி நிக்கறது?"

"குடுத்தா வண்டி கெடும்பா. கெட்டு நின்னா விக்கச் சொல்லுவீங்க."

நாங்கள் இருவரும் சொன்னது சரிதான். அதுதான் தொல்லையாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அதைச் சோதனைக்கூடத்து வேலை போலவே யோசித்தேன். கெடுவது எது? தட்டு. தட்டு எப்போது உரசும்? கியரில் இருக்கும்போது. கியரில் இல்லாவிட்டால்? இரண்டு கிளட்ச்சும் விலகி நிற்கும், என்ஜின் சும்மா ஓடும், ஏசி வேலை செய்யும், பிரேக்கும் பிடிக்கும். நியூட்ரலில் போட்டுத் தள்ளினால் தட்டுக்கு ஒரு சேதமும் கிடையாது.

பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. நடுரோட்டில் என் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு போவது தெரியும். அப்பா போட்ட நிபந்தனை அப்படியே, ஊர் முன்னால், மேளத்தோடு. இருந்தாலும் பெரியப்பாவுக்கு போன் செய்தேன்.

"வண்டி வரும் பெரியப்பா. ஆனா நான்தான் ஸ்டியரிங் புடிப்பேன். நம்ம பசங்க பின்னாலேர்ந்து தள்ளிக்கினு வரணும். மண்டபம் வரைக்கும்."

"தேரா அது, தள்ளிக்கினு வர? சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும் பெரியப்பா. பொண்ணு நம்ம வீட்டு வண்டியில வரும், இல்ல?"

"பூவாவது கட்டலாமா, அதுக்கும் எதாவது எரியுமா?" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மாரியம்மன் கோயில் வாசலில் பெண் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அண்ணியாகப் போகிறவள். அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். பட்டுப்புடவையில் வியர்த்திருந்தவளுக்கு ஏசியைக் கூட்டி வைத்தேன். என்ஜினைப் போட்டு, நியூட்ரலில் வைத்து, கண்ணாடியை இறக்கித் தலையை ஆட்டினேன். பின்னால் அத்தை மகன்களும் சித்தப்பா மகன்களும் கை வைத்தார்கள். பேண்டு தொடங்கியது. வண்டி நகர்ந்தது.

தெரு முனையைத் தாண்டுவதற்குள்ளேயே கேலியை ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா டா, பெட்ரோல் ஊத்த மறந்துட்டீங்களா?"

"இல்ல மாமா, நேத்து சாப்ட சோறு செரிக்கல, அதான் தள்றோம்."

"இம்மாம் வெல வண்டி, அதுக்குள்ள போயிடுச்சா?"

பின் இருக்கையிலிருந்து பெண் மெல்லக் கேட்டாள், "வண்டி ரிப்பேருங்களா?"

"இல்ல அண்ணி. ரிப்பேர் ஆகக்கூடாதுன்னுதான்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு கூட ஆட்டமே இல்லாம இருக்குது," என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

அப்பா என் கண்ணாடிப் பக்கமாக நடந்து வந்தார். புது வேட்டி, தோளில் துண்டு, முகம் இறுகியிருந்தது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். "கயிறு இருக்குது என் வண்டியில. கட்டி இழுக்கவா? ஜல்தியா போயிடலாம்." அப்பா, "வேணாங்க," என்றார். "நின்னு போச்சா?" என்று அவர் விடாமல் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. மேளச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அப்பா வண்டியின் முன் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சிறிது நேரம் வைத்தபடியே நடந்தார்.

"ஓடிக்கினுதாங்க இருக்குது," என்றார்.

மண்டபம் ரோட்டைவிட உயரம். வாசலுக்கு ஒரு சிமென்ட் சரிவு. அங்கே பையன்களால் முடியவில்லை. "அக்கா, ஒரே ஒரு தடவ கியர போடு," என்று மூச்சு வாங்கக் கத்தினார்கள். முன்னால் பேண்டுக்காரர்கள், ஆடுகிறவர்கள், தட்டு ஏந்திய பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், பாரத்தோடு, மேட்டில் அங்குலம் அங்குலமாக ஏற்றுவது: எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு கிளட்ச்சைக் கொல்ல வேண்டுமென்றால் சரியாக அதைத்தான் செய்வோம். பிரேக்கை அழுத்திக்கொண்டு கண்ணாடி வழியாகச் சொன்னேன்.

"ஏறாது. ஆரத்திய இங்க எடுத்துக்கினு வாங்க, பெரியம்மா."

"வாசப்படியிலதான் எடுக்கணும். ஆரத்தி எடுக்காம பொண்ணு எறங்கக் கூடாது."

"எறங்க வேணாம். தட்டு எறங்கட்டும்."

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சரிவையும், பின்னால் கால் சறுக்கிக்கொண்டிருந்த பையன்களையும் பார்த்தார். "எடுத்துக்கினு வா டி தட்ட," என்றார். "பசங்க செத்துடுவானுங்க." ஆரத்தி சரிவின் அடிவாரத்தில் நடந்தது. பெண் இறங்கி நடந்து மேலேறினாள். கூட்டம் அவள் பின்னாலேயே உள்ளே போனது.

சாப்பிட்டு முடித்து விழுப்புரம் திரும்பும்போது அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்தார். அம்மா பின்னால் தூங்கிவிட்டாள். வண்டியை விற்பது பற்றி அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். என் தரப்பில் சொல்ல வேண்டியவற்றை வரிசையாக வைத்திருந்தேன்: நிற்கவில்லை, நிறுத்தவில்லை, தள்ளச் சொன்னது நான்.

"தை மாசம் உங்க சித்தப்பா வீட்டு விசேஷம் வருது," என்றார் அப்பா. "இன்னிக்கு பாத்தவன் எல்லாம் கேப்பான். தள்ளியாவது குடுங்கன்னு கேப்பான்."

"கேக்கட்டும்பா. நான் சொல்லிக்கறேன்."

"நீ வேணாம். உன்ன கேட்டா பேசிக்கினே இருப்பானுங்க." இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார். "நான் இல்லன்னு சொல்லிடறேன். எம் பொண்ணு வண்டி, ஊர்வலத்துக்கு வராதுன்னு."

சாலை காலியாக இருந்தது. மிதித்தேன்.