அக்காவின் பெயரில் ஏறிய வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பதிவேடு' என்று பட்டப்பெயர். குளிர்பதனக் கிடங்குகளுக்கு நிரல் எழுதும் ஆறு பேர் நாங்கள். எந்த வரியை எப்போது, ஏன் மாற்றினோம் என்று மாற்றங்களைப் பெயரோடு பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் தேடுவதைவிட அவரிடம் கேட்டால் சீக்கிரம் பதில் வரும். எனக்கு அவர் அக்கா. பத்து வருடமாகப் பக்கத்து நாற்காலி.

நாங்கள் பயன்படுத்தும் ஸ்மால்டாக் மொழியில் எழுதிய நிரல், திறந்து வைத்த ஜன்னல்கள், பாதியில் விட்ட வேலை எல்லாம் இமேஜ் என்ற ஒரே கோப்பில் அப்படியே இருக்கும். என் இமேஜ் கெட்டுப்போன அன்று, புதிதாக ஒன்றை அமைக்கச் சோம்பல்பட்டு அக்காவுடையதை நகலெடுத்துக்கொண்டேன். அதற்குள் அவர் பெயரும் இருந்தது. மாற்ற மறந்துவிட்டேன். அவசர அவசரமாக அபாய மணி நிரலில் ஒரு வரியைத் திருத்தினேன். அது அக்காவின் பெயரிலேயே கிட்டில் ஏறியது.

அந்த வரியால் ஒரு கிடங்கில் குளிர் குறைந்தும் மணி அடிக்கவில்லை. ஒரு லாரி மருந்து பாழ். கூட்டத்தில் மேலாளர் அந்த வரியையும் பெயரையும் திரையில் காட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான் எழுதியிருக்கேன் போல. மன்னிச்சிடுங்க."

அது நான் திருத்திய வரி என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. கோழைப் பயல் நான்.

நாளானால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதியதும் அக்கா ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிக்க ஆரம்பித்தார். பதிவேடே நோட்டுப் போடுகிறது என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். அவருடைய அம்மாவுக்குக் கடைசியில் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போனது எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஞாபகசக்திக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்கடா. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல."

"அக்கா, அந்த வரி நான் எழுதினது. உங்க இமேஜ்ல."

அறைவார் என்று நினைத்தேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பும் கண்ணில் தண்ணீருமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா? நிஜமாவா? அப்பாடா!"

"ஒண்ணும் இல்லக்கா."

கையை விடாமலே கேட்டார். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"அன்னிக்குக் கூட்டத்துலயே தெரியும்க்கா."

அக்கா கையை எடுத்துக்கொண்டார்.