என் தொண்டையில் வேலு

செத்துப்போனவனின் குரலில் அவன் மனைவியிடம் பேசினேன். நான்தான்... வேறெவனும் இல்லை!

சிரிக்காதீர்கள். நான் இணையப் பாதுகாப்புத் துறையில் அரசு அதிகாரி. அதற்கு முன் ராணுவத்தில் சிக்னல் பிரிவு. எவன் எந்தப் பெயரில் ஏமாற்ற வந்தாலும் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்!

குருவிகுளத்து வேலு என்னோடு பனிமலையில் காவல் நின்றவன். காவலுக்குப் போகுமுன் சங்கரன்கோவில் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக்கொள்வான். பனிச்சரிவு ஒன்று அவனைக் கொண்டுபோயிற்று; உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் குரல் மட்டும் எனக்கு அச்சாக வரும். பயிற்சி வகுப்புகளில், "ஏலே மக்கா, எவன் கேட்டாலும் போனுக்கு வார நம்பரச் சொல்லாதல" என்று அவனாகவே பேசுவேன். கூட்டம் உருண்டு சிரிக்கும். அதைப் படம்பிடித்து இணையத்தில் போட்ட புண்ணியவானும் நானே.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தேன். வேலுவின் மனைவி முப்பிடாதி தேடி வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அவிய போன்ல பேசினாவ! ஏதோ நம்பர் வந்திருக்கும், சொல்லுட்டின்னாவ. லீவுல வந்தா வாசல்லயே நிறுத்தி ஒரு வார்த்தை கேப்பேன்லா, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது... அதக் கேட்டேன். வச்சிட்டாவ. கோவிச்சிட்டாவளோ?"

அவள் போனில் பதிவாகியிருந்ததைக் கேட்டேன். வேலுவேதான். நடுவில் ஒரு செருமல்... அது என்னுடையது! என் கேலிக்கூத்தை எடுத்து எவனோ ஒரு திருடன் கணினியில் வேலுவைச் செய்திருக்கிறான். உச்சி வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே? சொன்னால் என் வேலை? என் மானம்? "விசாரிக்கேம்மா" என்று அனுப்பிவிட்டு, அந்தத் திருட்டு நம்பரை மட்டும் அடைக்கவைத்தேன். மாவீரன்!

"அவ சோறு தண்ணி இல்லாம போனையே பாத்துட்டு இருக்காளாம்" என்றாள் என் மனைவி, சில நாள் கழித்து. மொட்டைமாடிக்கு ஏறினேன். ஆடிக்காற்று வேட்டியைப் பறித்தது. புது நம்பரில் இருந்து அழைத்தேன்.

"ஏட்டி..."

"நில்லுங்க! யாரு வாரது? வார்த்தையச் சொல்லுங்க."

எனக்கெங்கே தெரியும்! ஆனாலும் அதிகாரி மூளையாயிற்றே! எங்கள் ஊரில் பாதிப் பேரின் கடவுச்சொல் சங்கரன்கோவில் அம்மன் பெயர், 'கோமதி'தான். அதையே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"புத்துமண்ணு."

அந்தப் பக்கம் அழுகையா, சிரிப்பா? "சாப்ட்டியளா? அங்கன ரொம்பக் குளிருதா?" என்றாள். ஏதோ பதில் சொன்னேன். சொன்னது நான்தானா?

அன்றிலிருந்து சாப்பிடுகிறாளாம். "அண்ணாச்சி, இந்த நம்பரையாவது அடைச்சிராதிய" என்று கும்பிட்டுவிட்டும் போனாள். கணவன் மனைவிக்கு நடுவில் இருந்த ஒரே பூட்டையும் உடைத்தவனைக் கும்பிட்டாள்!

புற்றுமண்ணை ஊகித்துச் சொன்னேன் என்று உங்களிடம் பொய் சொல்லலாம்... ஆனால் நான் நினைத்தது கோமதி. சத்தியமாகக் கோமதி!

அதோ, அந்தப் போன் அடிக்கிறது. செருமிக்கொள்கிறேன்... நாக்கெல்லாம் மண் ருசி.