ஆசிரியர் மேல் கட்டில், நாவல் கீழ்க் கட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நின்றேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எட்டு மணி வரை தூங்குவேன். அதையும் முதலாளி பறித்துக்கொண்டார்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வழிகாட்டி போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை. இலக்கியப் பகுதி என் பொறுப்பு. இந்த நாவலை எழுதியவர் யார், இந்தக் கவிதை நூல் யாருடையது, பொருத்துக, தவறான இணையைக் கண்டறிக. வருடக்கணக்காக இதையே செய்து, யாராவது ஒரு நல்ல நாவலின் பெயரைச் சொன்னால்கூட அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள் என் கண்முன் வந்து நிற்கின்றன. அந்தப் பெயர்கள் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் பென்சிலை எடுத்து அடிக்கோடு போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், உங்க மாதிரித் தேர்வுல விடை தப்பா இருக்கு. ஹாஸ்டல்ல எட்டு பேரு எழுதுனோம். எட்டு பேருக்கும் ஒரே விடைதான் வருது. உங்களுக்கு மட்டும் வேற வருது" என்றாள். பெயர் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கம் ஊர், சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், விடைகள் சரியாகவே இருந்தன. முதலாளிக்கு அது போதவில்லை. ஒருவர் தப்பாக எழுதினால் எழுதியவர் தப்பு, எட்டுப் பேர் ஒரே மாதிரி எழுதினால் அச்சகத்தின் தப்பு என்பது அவர் கணக்கு. அவர்களிடம் உள்ள பிரதியை நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

காஞ்சிபுரம் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். சாலை நெடுகப் பாலம் கட்டுகிறார்கள், அதனால் பேருந்து நின்று நின்று போனது. இடப்பக்கம் தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் கரை தெரிந்தது. என் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். வெள்ளம் வந்த வருடம் குழாய்க்குக் காத்திராமல் அதுவே வாசல் வழியாக வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் கம்பெனிச் சீருடை போட்ட ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் நெளிவதைப் பார்த்த கண்டக்டர், "எழுப்பாதீங்க மேடம். அவரு ஸ்டாப்பு வந்தா தானா எழுந்துப்பாரு. டெய்லி பாத்துகினுதானே கீறேன்" என்றார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அந்த மனிதர் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டது. நிறுத்தத்தை ஒட்டி டீக்கடைகள், லாட்ஜுகள், வாடகைக்கு அறை என்று மின்கம்பம் தோறும் ஒட்டிய தாள்கள். ஆட்டோக்காரரிடம் பெண்கள் ஹாஸ்டல் என்றேன்.

"எந்த ஹாஸ்டலு? இங்க எல்லாமே ஹாஸ்டலுதாம்மா. எங்க வூட்டு மாடியே ஹாஸ்டலுதான். நாங்க கீழ ஒரு ரூம்ல கீறோம்."

இரண்டு கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, மனை போட்டுக் கல் நட்ட வெட்டவெளிக்கு நடுவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முன்னால் இறக்கிவிட்டார்.

வாசலில் வார்டன் அமுதா நின்றிருந்தார். அந்த ஊர்க்காரர். நான் வாயைத் திறக்கும் முன்பே உதட்டில் விரலை வைத்தார். "செருப்பைக் கழட்டி கைல எடுத்துகினு வாங்க மேடம். நைட் ஷிஃப்ட் பசங்க இப்பதான் படுத்துது. சத்தம் கேட்டா எழுந்துக்கும்." ஒரு கோயிலுக்குள்கூட நான் அவ்வளவு பயந்து பயந்து நடந்ததில்லை.

பேச்சியின் அறை முதல் மாடியில். சுவரை ஒட்டி இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், கம்பிகளில் துவைத்த சீருடைகள். இருபத்திரண்டு வயது இருக்கும் பேச்சிக்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். கூடவே ஏழு பெண்களும் புத்தகமும் கையுமாகச் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பிரதியை வாங்கிப் பார்த்தேன். அச்சில் பிழை எதுவும் இல்லை. அப்படியானால் தப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, யார் எழுதியது என்று பேச்சியிடம் கேட்டேன். அவள் கண்ணை மூடினாள். வலது கை தானாக உயர்ந்து அறையின் மூலையைக் காட்டியது. பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். தப்பு. அடுத்த பெண்ணைக் கேட்டேன். அவள் கையும் அதே மூலைக்குத்தான் போனது, அதே பெயர்தான் வந்தது.

"அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"கட்டிலு" என்றாள் பேச்சி.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, உற்பத்தி லைனில் வாய் திறக்கவும் முடியாது. அறைக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால் தூக்கம்தான் வருகிறது. அதனால் கட்டில்களையே பாடமாக மாற்றிவிட்டார்கள். கீழே படுப்பவள் நூல், மேலே படுப்பவள் அதை எழுதியவர். சொந்தப் பெயரால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. குளியலறை வரிசையிலும் சாப்பாட்டு வரிசையிலும் அந்தப் பெயர்கள்தான். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழின் மிகப் பெரிய நாவலாசிரியர் ஒருவர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காணாமல் போன பக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்ல ஏற்பாடுதான். அப்புறம் ஏன் தப்பாகிறது?"

அறை வாசலில் நின்றிருந்த வார்டன்தான் பதில் சொன்னார். "போன மாசம் கட்டில மாத்தி வுட்டேன் மேடம். பகல் ஷிஃப்ட் ஒரு ரூம்பு, நைட் ஷிஃப்ட் ஒரு ரூம்பு. ஒருத்தி கிளம்பசொல்ல இன்னொருத்தி தூக்கம் கெட வேணாம்னு."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! கட்டிலு மாறுனதுல ஆசிரியரும் மாறிட்டாவளா?"

எட்டுப் பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்த வேலை முடிந்தது, பத்தரை மணிப் பேருந்தைப் பிடித்தால் மதியம் தூங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் பேச்சி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"தேர்வு அடுத்த ஞாயித்துக்கிழமைக்கா" என்றாள். மேடம் அக்காவாகிவிட்டது. "போன தடவ இந்தப் பகுதிலதான் எனக்கு மார்க் போச்சு. இந்த மாசத்தோட இங்க காண்ட்ராக்ட் முடியுது. அப்பா சொல்லிட்டாவ. பாஸ் ஆனா வேலைக்குப் போ, ஆகலன்னா ஊருக்கு வந்து நாங்க பாத்த மாப்பிள்ளைய கட்டிக்கிடணும்னு. எனக்கு அந்தாளக் கண்டாலே பிடிக்கல."

புத்தகத்தை வைத்துப் புதிதாக மனப்பாடம் செய்துகொள் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போது கோபம் வருகிறது. வாரம் முழுக்க அவளுக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை. "எழுத்தப் பாத்தா அது நடந்து போவுதுக்கா. கண்ண மூடுனா கட்டிலுதான் வருது" என்றாள்.

ஒருத்தி மெதுவாக, "பழையபடி மாத்திப் படுத்தா?" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஆவாது" என்றார் வார்டன். "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவ தூங்க வேணாமா? நீங்க காலைல விளக்கப் போடுவீங்க, பக்கெட்ட உருட்டுவீங்க. அதுங்க லைன்ல தூங்கி வுழுந்தா சூப்பர்வைசர் சும்மா வுடுவானா?"

அவர் சொன்னது நியாயம். அந்தச் சாலையில் தூக்கத்தைவிட விலை கூடிய பொருள் வேறு எதுவும் இல்லை என்று பேருந்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும். "வேண்டாம்க்கா, அடுத்தவ தூக்கத்தக் கெடுத்து நான் பாஸாக வேண்டாம்" என்று புத்தகத்தை மூடினாள்.

நாங்கள் கிசுகிசுத்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. எதிர் அறைக் கதவு திறந்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு ஒரு பெண் வந்து நின்றாள். சுனிதா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவள், நைட் ஷிஃப்ட். அவளுக்கு இந்தத் தேர்வும் கிடையாது, தமிழ் எழுத்தும் தெரியாது. என்ன பிரச்சினை என்று கேட்டாள். ஒருத்தி தமிழும் இந்தியும் கலந்து கைகளால் விளக்கினாள். சுனிதா முழுவதும் கேட்கவில்லை. பேச்சியின் கட்டிலுக்கு வந்து, காலியாக இருந்த மேல் தட்டில் தலையணையை எறிந்தாள்.

"நான் எங்க வேணா தூங்கும்" என்றாள். "பேச்சி பாஸ் ஆகணும்."

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர் அறையிலிருந்து ஒவ்வொருத்தியாகப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் பழைய கட்டில்களில் ஏறினார்கள், இங்கிருந்த சிலர் அங்கே போனார்கள். நானும் இரண்டு மெத்தைகளைத் தூக்கினேன், இடுப்பு மறுநாள் வரை வலித்தது. பகல் ஷிஃப்ட் பெண்கள் ஒரு வாரம் இருட்டிலேயே கிளம்புவதாக ஒப்புக்கொண்டார்கள். வார்டன் இடுப்பில் கை வைத்து, "ஒரே வாரம்தான். அப்பால ஒழுங்கா மாத்திக்கணும், சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, அவரே போய் ஒரு பழைய ஜமுக்காளத்தை ஜன்னலில் கட்டி வெயிலை மறைத்தார்.

மறுபடி கேள்விகளைக் கேட்டேன். பேச்சி கண்ணை மூடி, கையை நீட்டி, வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுடைய கட்டில் வந்தது. அவள் ஒரு கவிதை நூல். மேல் கட்டிலில் அந்தக் கவிஞராக இருந்தவள் முத்துலட்சுமி என்ற பெண். காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனவளுக்கு அந்த மாதமே கல்யாணம் ஆகிவிட்டதாம். அவள் போன பிறகு அந்தப் பெயரை அந்த அறையில் யாரும் கூப்பிடவில்லை. பேச்சியின் கை மேலே போய் நின்றது, பெயர் வரவில்லை.

நான் பெயரைச் சொன்னேன். பேச்சி எழுந்து நின்று அதை மேலே இருந்த சுனிதாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுனிதா இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை சுத்தமாகச் சொன்னாள். உடனே போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் எத்தனையோ இலக்கியக் கூட்டங்களில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினேன். என் வீட்டில் தனி அறை, நான் நினைத்தால் சாத்திக்கொள்ளக் கதவு, எழுப்ப யாரும் இல்லை. ஒரு ஞாயிறு போய்விட்டதே என்று காலையில் எவ்வளவு புலம்பினேன் என்று வெட்கமாக இருந்தது. முதலாளிக்குப் புத்தகத்தில் தப்பில்லை என்று மட்டும் செய்தி அனுப்பினேன். கட்டில் கதையைச் சொன்னால் அடுத்த பதிப்பில் விளம்பரமாகப் போட்டுவிடுவார்.

அடுத்த ஞாயிறு மதியம் பேச்சி போன் செய்தாள். பின்னால் ஒரே பேருந்து இரைச்சல்.

"எழுதிட்டேன்க்கா. எங்க கட்டில் கேள்வி வந்துச்சு. சுனிதாவப் போட்டுட்டேன்."

"மற்றதெல்லாம் எப்படி? பாஸாகிவிடுவாயா?"

"தெரியலக்கா. கணக்கு கஷ்டமா இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அக்கா, ரிசல்ட் வர மாசக்கணக்குல ஆகும்லா?"

"ஆகும். ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும்கூட."

"அதுவர நான் ஃபெயில்னு யாரும் சொல்ல முடியாதுல்லா? அப்பாட்ட சொல்லிட்டேன். ரிசல்ட் வாரதுக்கு முன்னால கல்யாணப் பேச்சு பேசக் கூடாதுன்னு. சரின்னுட்டாவ. அதுவரைக்கும் ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனில சேந்துக்கிடுதேன். மெதுவா வரட்டும்க்கா, ஒண்ணும் அவசரமில்ல."

தேர்வு முடிவுகள் தாமதமாவதைத் திட்டாத நாளே எங்கள் அலுவலகத்தில் கிடையாது. முன்பெல்லாம் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். இப்போது காலையில் இணையதளத்தைத் திறந்து, இன்னும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் நிம்மதியாக டீ குடிக்கிறேன்.