ஐந்தாம் வகுப்புக்காரன் செய்த பரிசீலனை

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் 1958-இல் இரண்டு பேராசிரியர்களின் ஆராய்ச்சி மனுக்களைத் தள்ளியவன். வேறெந்த ஆய்வக அட்டெண்டரால் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

எங்கள் கல்லூரியில் நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு பருவத்துக்கும் அது யாருக்கு என்று மனுக்களைப் பார்த்துக் கமிட்டி முடிவு செய்யும். அந்த முறை ஆவூரிலிருந்து புதிதாக வந்திருந்த விரிவுரையாளர் ஆரோக்கியம்மாள், வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கடலைச் செடியின் இலைப் புள்ளி நோயை ஆராயக் கேட்டிருந்தார். கடலையைப் பிடுங்கிவிட்டால் பார்க்க இலை இருக்காது. கமிட்டியிலிருந்த இரண்டு பேராசிரியர்களும் தங்களுக்கே கேட்டிருந்தார்கள். மனுப் போட்டவர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். உள்ளே பிரின்சிபாலும், மைக்ராஸ்கோப் பெட்டியைத் தூக்கி வந்திருந்த நானும்தான்.

“பெரியகருப்பா, நீ என்னப்பா சொல்றே?”

“ரெண்டு வருசமா இவுகதாங்க மாறி மாறி வாங்கிட்டுப் போறாக. பெட்டியில நான் போட்ட முடிச்சு அவுக்காம அப்படியே திரும்பி வருதுங்க.”

பிரின்சிபால் சிரித்துக்கொண்டே ஆரோக்கியம்மாளின் மனுவில் கையெழுத்திட்டார். நான் பெட்டியோடு வெளியே வந்தேன்.

“யாருக்குய்யா ஆச்சு?”

“ஆவூரம்மாவுக்குங்க. கமிட்டி ஒருமனசா முடிவு பண்ணிருச்சு.”

“கமிட்டியே நாங்கதானேய்யா!”

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவூரம்மாவிடம் நடந்தேன். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கடலை பிடுங்க ஒரு வாரம்தான் இருந்தது.