தட்டுக்கு அடியில் புளி

போன சனிக்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன், காராச்சேவு வாங்க. பல் டாக்டர் கூடாது என்கிறார்… பாவம், அவர் மதுரைக்குப் புதுசு.

ஜெபமணி அண்ணாச்சி கடை. ஒற்றைக் கடையாக இருந்தது இப்போது மூன்று ஷட்டர். கல்லாவில் ஒரு பெண்.

"அண்ணாச்சி இல்லையாம்மா?"

"அப்பா தவறி மூணு வருஷமாச்சு சார்" என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். கிரேஸ், மகள்.

கால் கிலோ கேட்டேன். எலெக்ட்ரானிக் தராசு, நடப்பு வருட முத்திரை, எண்கள் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்படி… எல்லாம் விதிப்படி. எடை முத்திரை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு இந்த வியாதி தீராது. சரியாக 250 கிராம் காட்டியது.

அப்புறம்தான் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தார். பொட்டலத்தைத் தராசிலிருந்து எடுத்து, இன்னொரு கை காராச்சேவை அள்ளிப் போட்டுக் கட்டினார்.

"ஏம்மா, அது எடையில வராதே?"

அவர் சொன்ன பதிலுக்கு முன்னால் ஒரு பழைய கேஸைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இதே கடையில் திடீர்ச் சோதனை. அப்போது இரண்டு தட்டுத் தராசு. எடைக்கல் வைக்கும் தட்டைத் திருப்பினால், அடியில் ஒரு உருண்டை புளி!

புளி எனக்குப் புதிதல்ல. சரக்குத் தட்டுக்கு அடியில் ஒட்டினால் சரக்கு குறையும், கடைக்காரர் பிழைப்பார். சேர்ந்த சில மாதங்களிலேயே பல கடைகளில் பிடித்திருந்தேன். ஆனால் இவர் ஒட்டியிருந்தது கல்லுத் தட்டில். அதாவது, வாங்குகிறவருக்குக் கூடுதலாகப் போகும்.

"ஏன்யா, பக்கம் மாறி ஒட்டிட்டியா?"

"தெரிஞ்சுதான் சார் ஒட்டுனேன். என் கடையில யாரும் குறைச்சு வாங்கிட்டுப் போகக் கூடாதுன்னு கர்த்தர்கிட்ட சொல்லித்தான் கடையத் தொறந்தேன். கூட்டம் நெருக்கும்போது என் கையை நானே நம்ப மாட்டேன். அதான் புளியை நம்புனேன்."

என்ன செய்வது? தராசு பொய் சொன்னால் குற்றம். யாருக்குச் சாதகமாகச் சொன்னது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. வழக்கு எழுதி, தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் கெஞ்சவில்லை. தெருதான் பேசியது.

"மாப்ள, அண்ணாச்சி தராசுல புளியாம்ல! ஞாயித்துக்கிழமையானா கடையப் பூட்டிட்டு சர்ச்சுக்குப் போறவரு…"

"அம்புட்டும் வேஷம்டா!"

புளி என்ற ஒரு சொல் போதாதா? ஒரே வாரத்தில் கடை காலி. தராசுக்கு மறுமுத்திரை வைத்துக் கொடுக்க நான் போனபோது, ஆறிப்போன சேவுக்கு முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் "வாங்க சார்" என்றார். "இனிமே தராசுல கை வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இப்படியே போனால் ஒரு மாதத்தில் ஷட்டர் இறங்கிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் என் காதோரம் வந்தார்.

"சார், எம்புட்டுப் புளி ஒட்டியிருந்தாரு?"

விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி வெளியாளிடம் பேசக் கூடாது. விதி எனக்கு மனப்பாடம். இருந்தும் வாயைத் திறந்தேன்.

"எம்புட்டுன்னு கேக்காதீங்க. எந்தத் தட்டுலன்னு கேளுங்க."

சொன்னேன். அவர் நடுத்தெருவுக்கே போனார். "அடப்பாவிகளா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். சாயங்காலத்துக்குள் அலங்காநல்லூர் பஸ் வரைக்கும் சேதி ஏறிவிட்டது. மறுவாரம் கடையில் க்யூ. எங்கள் துறை செய்த ஒரே விளம்பரம் அதுதான்… இலவசமாக!

அண்ணாச்சியிடம் வருத்தம் தெரிவிக்க விதியில் இடமில்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாமல் வருடங்களை ஓட்டிவிட்டேன்.

இப்போது கிரேஸின் பதில்:

"தராசுல கை வைக்கக் கூடாதுன்னு ஒரு ஆபீசர் அப்பாவுக்குச் சொல்லிட்டுப் போனாராம் சார். அதுலருந்து தராசு கவர்மெண்டுக்கு, கை கர்த்தருக்குன்னுவாரு. அவரு வாயத் தொறந்ததாலதான் கடையே பொழைச்சுச்சாம், வீட்டு ஜெபத்துல இன்னும் அவருக்காக வேண்டிக்கிறோம். பேரு தெரியாது. 'தராசு சார்'னுதான் சொல்லுவோம்."

நான் பேரைச் சொல்லவில்லை. மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினேன்… அதுவும் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் எடை போட்டேன். 290 கிராம். வழக்கு எழுதவில்லை.